கரண்டியை அராவியவன்

என் தம்பியின் எடை நூற்றுப் பதினான்கு கிலோ. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதைச் சொல்லி முடித்துவிட்டால் மற்றதைக் கேட்கக் காது ஒழிவாக இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே போல்ட் தொழிற்சாலையில் இருக்கிறோம். அவன் அங்கே கேன்டீன் நடத்துகிறான். நான் அளவு பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் ஒரு போல்ட்டின் தலை தலைமுடி அளவு தடித்திருந்தாலும் என் கை அதைத் திருப்பி அனுப்பிவிடும். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அதனால் இங்கே எழுதும் எண்களில் பிழை இருக்காது. மற்றவற்றில் அக்காவின் பாசம் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பிள்ளைகளின் எடையைக் குறைக்க அரசாங்கம் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்ததுதான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மைதானத்தில் தராசு வைப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையாக ஏற வேண்டும். நர்ஸ் எண்ணை உரக்கச் சொல்வார், ஆசிரியர் பலகையில் எழுதுவார். எடை கூடிய பெயருக்குச் சிவப்பு வட்டம். அந்தப் பலகை மாதம் முழுக்கப் பள்ளி வாசலிலேயே நிற்கும். என் தம்பியின் பெயர் ஒரு மாதமும் வட்டத்துக்கு வெளியே வந்ததில்லை. பிள்ளைகள் அவனுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வருடம் அவன் பள்ளியில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான். மதிய டப்பாவைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு முழு ரொட்டியை நின்றுகொண்டே தின்பான். பள்ளியில் கிடந்த பட்டினிக்கு வீட்டில் பழி வாங்கினான். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது எடை குறையவில்லை, நான்கு கிலோ கூடியிருந்தது. சீருடை தைத்து எங்களை வளர்த்த அம்மா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "பலகையில எழுதுறவங்க வந்து சமைச்சுப் போடுவாங்களான்னு கேட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

யாரும் வந்து சமைக்கவில்லை. அவனே கற்றுக்கொண்டான். பத்து வயதில் எங்கள் மூவருக்கும் அடுப்படி அவன் கையில்தான். அப்போதே அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பரிமாறும்போது தட்டைத்தான் பார்ப்பான், ஆளைப் பார்க்க மாட்டான். யார் எத்தனை முறை வாங்கினார்கள் என்பதை அவன் முகம் ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. கேன்டீனுக்கு ஆள் கூடியது ருசிக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை.

கேன்டீன் என்றால் தகரக் கூரை போட்ட நீண்ட அறை. எட்டு மேசைகள். முன்னால் தகடு அடித்த கவுண்டர். கோடியில் ஒரு தூணுக்குப் பின்னால் கை கழுவும் குழாய்கள். முன்னூற்று இருபது பேர் காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை டீ குடிக்க வருவார்கள். கெட்டிலில் இருப்பது சர்க்கரை போடாத டீ. நாற்பது கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டு, உயரத்திலிருந்து டீயை ஊற்றுவான். விழுகிற வேகத்திலேயே சர்க்கரை கரைந்துவிடும். அந்தக் கரண்டியை அவனே செய்தான். பழைய குழாயில் ஒரு துண்டு வெட்டி, அடி அடைத்து, கைப்பிடி ஒட்டியது. உள்ளகலம் இருபத்தெட்டு மில்லிமீட்டர், உயரம் இருபத்தேழு. விரலால் மட்டமாக வழித்தால் பதினான்கு கிராம் சர்க்கரை பிடிக்கும். அவன் மட்டும் குடிப்பது சர்க்கரையே இல்லாத டீ. அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

போன வருடம் ஓர் உத்தரவு வந்தது. இருநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில், ஒரு கிளாஸ் டீயில் ஐந்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பரிமாறும் இடத்தில் ஆட்கள் கைக்கெட்டும்படி சர்க்கரை வைக்கக் கூடாது. தயாராவதற்கு ஒன்பது மாதம் அவகாசம். மீறினால் கேன்டீன் உரிமம் ரத்து. மேனேஜர் என் தம்பியைக் கூப்பிட்டு, காகிதத்தை நீட்டி, "உன் பாடு, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தன் டீயைக் குடித்தாராம்.

அடுத்த தெருவில் பாட்டில் தொழிற்சாலையின் கேன்டீன்காரர் மறுநாளே ஐந்து கிராமுக்கு இறங்கிவிட்டார். மூன்றாம் நாள் ஆட்களெல்லாம் கேட்டுக்கு வெளியே வண்டிக் கடையில் நின்றார்கள். அங்கே டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு, கூடவே எண்ணெயில் பொரித்ததும் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதத்தில் கேன்டீன் பூட்டப்பட்டது. அதை நடத்தியவர் இப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி கரண்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"பதினாலு எங்கே, அஞ்சு எங்கே. ஒரே நாள்ல இறக்கினா மாடியில இருந்து பிடிச்சுத் தள்ளின மாதிரி ஆயிடும்க்கா."

"அப்போ படி கட்டு."

"அதுக்குத்தான் வந்தேன். உன் வெர்னியரை எடு."

தொழிற்சாலை கழித்துப் போட்ட பழைய வெர்னியர் அளவுகோல் ஒன்று என்னிடம் உண்டு. இருவரும் அளந்தோம். கரண்டியின் வாயை ஒரு மில்லிமீட்டர் அராவினால் அரை கிராம் சர்க்கரை குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மில்லிமீட்டர் என்றால், பதினெட்டு தடவையில் ஐந்துக்குக் கீழே வந்துவிடலாம். முப்பத்தாறு வாரம். அவகாசத்தில் மூன்று வாரம் மிச்சம்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டே செய்யலாமே" என்று நான் கேட்டேன்.

"சொன்னா நாக்கு காவலுக்கு உட்காந்துடும். அப்புறம் பச்சைத் தண்ணிகூடக் கசக்கும்." அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்: "யாரையும் நிக்க வச்சு, நீ குண்டு நீ ஒல்லின்னு பிரிக்கப் போறதில்லை. எல்லாருக்கும் ஒரே கரண்டி. யாருக்கும் தலைகுனிவு இல்லை. சத்தமில்லாம முடிஞ்சுடும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னும் சொல்லப்போனால், அரசாங்கம் தராசையும் பலகையையும் வைத்துச் செய்ய முடியாததை என் தம்பி ஓர் அரத்தை வைத்துச் செய்யப்போகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு.

இரண்டு வெள்ளிக்கிழமைக்கு ஒருமுறை என் சமையலறை மேசையில் துணி விரித்து அராவுவான். பிசிறு தட்டாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். நான் நான்கு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுவேன்: தேதி, உயரம், எடை, அதற்குப்பின் வந்த புகார். புகார் என்ற கட்டத்தில் கோடு மட்டும் போட்டுக்கொண்டே வந்தேன். தம்பியின் மனைவி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் கத்தியைத் தீட்டுவாங்க அண்ணி. என் வீட்டுக்காரர்தான் கரண்டியைத் தேய்க்கிறார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தானாகவே வாக்குக் கொடுத்தாள்.

பதினோராவது தடவை மட்டும் தவறு நடந்தது. அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அவனே வீட்டில் கண்ணளவில் அராவினான். ஒரு மில்லிமீட்டருக்குப் பதில் இரண்டு போய்விட்டது. அரை கிராமைக் கண்டுபிடிக்காத நாக்குகள் ஒரு கிராமைக் கண்டுபிடித்துவிட்டன.

முதலில் கண்டுபிடித்தவர் சுத்தியல் அண்ணன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து வடிவாக்கும் பட்டறையில் வேலை செய்பவர். அதனால் அந்தப் பெயர். என் தம்பியைப் போலவே பெரிய உடம்பு. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். தினமும் காலையில் இரண்டு கிளாஸ் டீ குடிப்பார். வரிசையில் நிற்பவர்களைச் சிரிக்க வைப்பதற்கென்றே வருபவர்.

"மாஸ்டர், டீக்கு வீட்டுல ஏதாவது துக்கமா? மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே."

"பால்காரரைக் கேளுங்கண்ணே. பால் ஒரு மாதிரி வருது" என்றான் தம்பி.

மறுநாள் பால்காரர் கேட்டில் நான்கு பேரிடம் வசவு வாங்கினார். கூடுதலாகப் போன மில்லிமீட்டருக்கு ஈடாகத் தம்பி அடுத்த முறையை விட்டுவிட்டு, நான்கு வாரம் கழித்துத்தான் அரத்தை மறுபடி தொட்டான். அதற்குள் நாக்குகள் சமாதானமாகிவிட்டன. முப்பத்தாறாவது வாரம் கரண்டியின் உயரம் ஒன்பது மில்லிமீட்டர். கடிதம் நிறுக்கும் என் சின்னத் தராசில் நான்கு புள்ளி எட்டு கிராம். அடுத்த மூன்று வாரம் முன்னூற்று இருபது பேரும் அதைக் குடித்துவிட்டு, "மாஸ்டர் கைக்குத் தனி ருசி" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, உத்தரவில் சொன்னபடி சுவரில் காகிதத்தை ஒட்டினான்: 'இங்கே ஒரு கிளாஸ் டீயில் ஐந்து கிராம் சர்க்கரை மட்டுமே.'

அரை மணி நேரத்தில் கேன்டீன் கொதித்தது.

"இது டீயா, கெட்டில் கழுவின தண்ணியா?"

"வெள்ளிக்கிழமை குடிச்ச டீயோட ஆவிகூட இதுல இல்லை" என்றாள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி. வெள்ளிக்கிழமை குடித்ததும் இதே டீதான்.

சுத்தியல் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கவுண்டரில் வைத்தார். "நம்ம வாய்க்குள்ள கையை விட்டுச் சர்க்கரையை எடுத்துட்டுப் போயிருக்கான் கவர்மெண்ட். நீ வாயைப் பிடிச்சுத் திறந்து காட்டியிருக்கே, மாஸ்டர்" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்க வைக்கவில்லை. பிற்பகல் டீக்குத் தொண்ணூறு பேர்தான் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை அறுபது. புதன்கிழமை நாற்பத்திரண்டு. மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே வண்டிக் கடையில் நின்றார்கள். மேனேஜர் வந்து பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் இப்படியே போனா இந்த ரூமைப் பொருள் வைக்கிற குடோனா மாத்திடுவேன், தப்பா நினைக்காதே" என்றார்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு தம்பியிடம் ஓடினேன்.

"இதைக் காட்டுடா. தேதி இருக்கு, அளவு இருக்கு. ஒருத்தர் வாயைத் திறக்க முடியாது."

அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். "காட்டினா நாம ஜெயிச்சுடுவோம். அதான்க்கா யோசிக்கிறேன்."

"ஜெயிக்கிறதுக்கு என்னடா யோசனை?"

"முன்னூறு பேரை நிறுத்தி, உங்க நாக்கு பொய் சொல்லுதுன்னு பலகையில எழுதிக் காட்டணும். அதுக்கு இந்த நோட்டு போதும்." நோட்டை மூடி என்னிடமே கொடுத்தான். "எனக்கு அந்தப் பக்கம் நிக்கிற பழக்கம் இல்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், கேன்டீனை நம்பி உதவிக்கு இரண்டு பெண்கள், அவர்கள் வீடுகள். இவன் நியாயம் பேசிக்கொண்டு நிற்கிறான் என்று திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வியாழக்கிழமை காலை டீ மணி அடித்ததும் அவன் ஏப்ரனோடு, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி வண்டிக் கடைக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். நோட்டு என் பையில்தான் இருந்தது. வண்டியைச் சுற்றி இருநூறு பேராவது இருப்பார்கள். அவனைப் பார்த்ததும் ஒருவர், "என்ன மாஸ்டர், நம்ம கடைக்கே வந்துட்டீங்க. சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்றார். சிரிப்பு எழுந்தது. அடங்கும்வரை நின்றான்.

"நாலு நாளா நீங்க திட்டுற டீயை அதுக்கு முன்னாடி மூணு வாரமா குடிச்சுட்டுதான் இருந்தீங்க" என்றான். கரண்டியைத் தூக்கிக் காட்டினான். "ஒன்பது மாசமா இதை அராவிக்கிட்டே வந்தேன். கொஞ்சம் கொஞ்சமா. உங்க யார்கிட்டயும் சொல்லலை. சொல்லாம செஞ்சது தப்பு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவரை ஒருவர் கேலி செய்யத் தொடங்கினார்கள். "கெட்டில் கழுவின தண்ணின்னு சொன்னது யாருப்பா" என்று ஒருவர் கேட்க, சொன்னவர் பக்கத்திலிருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். பேக்கிங் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

சுத்தியல் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் பால்காரரைக் கேளுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேண்ணே. அவர்கிட்ட இன்னைக்குக் காலைல போய்ச் சொல்லிட்டேன்."

"பால்காரரை விடு. என் விஷயத்துக்கு வா." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஆபீசர் காகிதத்துல எழுதி ஒட்டச் சொன்னான். நான் அதைத் திட்டலாம், கிழிக்கலாம், பிடிக்கலைன்னா இதோ இப்படி வெளியில வந்து குடிக்கலாம். நீ எனக்கு அதைக்கூட விடலையே. வீட்டுல இருந்தவ போனப்புறம் ஒரு நாள்ல நான் எனக்குன்னு வாங்கிக்கிறது அந்த ரெண்டு கிளாஸ்தான். அதுல எவ்வளவு இனிப்பு இருக்கணும்னு ஒன்பது மாசமா நீ முடிவு பண்ணியிருக்கே. நல்லதுக்குத்தான் பண்ணினே, தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்கலை."

"என்னைப் பார்த்தா கேட்கத் தேவையில்லாத ஆள் மாதிரி தெரியுதா?"

தம்பி கரண்டியை ஏப்ரன் பையில் போட்டான். வெயிலில் நின்று வேர்த்தான். பிறகு சொன்னான்: "நாளையில இருந்து கேன்டீன்ல சர்க்கரை டப்பா இருக்கும். கிளாஸ்ல நான் போடுறது அஞ்சு கிராம். அதுக்கு மேல உங்க கை, உங்க ஸ்பூன்."

"வைக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே" என்றது ஒரு குரல்.

"அது என் பாடு."

வெள்ளிக்கிழமை கவுண்டரில் மூடி போட்ட டப்பாவும் ஒரு ஸ்பூனும் இருந்தன. ஆட்கள் திரும்பி வந்தார்கள். இருநூற்றெழுபது பேர் என்று எண்ணினேன். சிலர் டப்பாவைத் திறந்தார்கள், பலர் அதைத் தொடவில்லை. சுத்தியல் அண்ணன் மட்டும் வரவில்லை. மேனேஜர் டப்பாவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சோதனை அதிகாரி வந்தார். ஒல்லியான பெண்மணி, முப்பத்தைந்து வயது இருக்கும். தோள்பையில் சின்னத் தராசு. டீ ஊற்றுமுன் வரிசையில் வைத்திருந்த கிளாஸ்களில் மூன்றை எடுத்து, அதிலிருந்த சர்க்கரையை நிறுத்துப் பார்த்தார். நான்கு புள்ளி எட்டு, நான்கு புள்ளி எட்டு, நான்கு புள்ளி ஒன்பது. இவ்வளவு சரியாக எங்கும் பார்த்ததில்லை என்றார். கரண்டிக் கதையை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். "மத்த கேன்டீன்காரங்களுக்கும் இதை நீங்க வந்து சொல்லிக் கொடுக்கணும் மாஸ்டர். ஆனா, ஆட்களுக்குச் சொல்லாமத்தான் செய்யணும், அதுதான் இதுல அழகே" என்றார்.

"அந்தப் பகுதியைத்தான் மேடம் நான் சொல்லிக் கொடுக்க மாட்டேன்" என்றான் தம்பி.

அப்போதுதான் அவர் டப்பாவைப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார். எடையைச் சரிபார்க்க என்னை அளவுப் பிரிவிலிருந்து கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

"இது உரிமம் போற விஷயம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "டப்பாவை கவுண்டருக்குக் கீழ வச்சுக்குங்க. கேட்கிறவங்களுக்கு எடுத்துக் கொடுங்க. நான் பார்க்கலை."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். தம்பி தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

"கேட்கணும்னா வரிசையில நின்னு, பின்னால நிக்கிறவங்க காதுல விழற மாதிரி, 'எனக்குச் சர்க்கரை வேணும்'னு சொல்லணும் மேடம். ஒல்லியா இருக்கிறவர் சொல்லிடுவார். என்னை மாதிரி உடம்பு இருக்கிறவர் சொன்னா வரிசையே திரும்பிப் பார்க்கும். நீங்களும் பார்ப்பீங்க. பார்க்காம இருக்க முடியாது. ரெண்டு நாள் கேட்பார். மூணாம் நாள் வண்டிக் கடைக்குப் போயிடுவார்."

"அப்போ நான் எழுதித்தான் ஆகணும்." அவர் பேனாவை எடுத்தார்.

தம்பி உத்தரவுக் காகிதத்தை வாங்கி, விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தான். அவன் படிப்பும் என்னுடையதைவிட இரண்டு வகுப்புதான் கூட. 'பரிமாறும் இடத்தில்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"அக்கா, கவுண்டர்ல இருந்து கை கழுவுற இடத்துக்கு எவ்வளவு தூரம்?"

டேப்பைப் போட்டேன். பதினோரு மீட்டரும் நாற்பது சென்டிமீட்டரும்.

"அங்க நாங்க எதையும் பரிமாறுறதில்லை மேடம். தூணுக்குப் பின்னால இருக்கு. கை கழுவப் போறவர் யாரு, சர்க்கரை போடப் போறவர் யாருன்னு யாருக்கும் தெரியாது."

அவர் நடந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "எங்க வச்சாலும் சர்க்கரை சர்க்கரைதான். எங்க அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில ஒரு காலை எடுத்துட்டாங்க, தெரியுமா? நாளைக்கு இங்க ஒருத்தருக்கு அப்படி ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

தம்பி உத்தரவுக் காகிதத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை மேடம். நான் கொடுக்கிற டீல அஞ்சு கிராம்தான் இருக்கும், அது உறுதி. குறைச்ச ஒன்பது கிராமை நான் திருப்பிக் கொடுக்கலை. மேல வேணும்கிறவர் எழுந்து, அவ்வளவு தூரம் நடந்து, தன் கையால போட்டுக்கணும். அதையும் நான் தடுத்தா இது கேன்டீன் இல்லை, போலீஸ் ஸ்டேஷன்."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். உரிமத்தில் எச்சரிக்கை ஒன்று பதிவானது. கவுண்டரில் டப்பா வைத்த குற்றத்துக்கு அது. குழாயடியில் வைப்பதை அடுத்த சோதனை வரை அனுமதிப்பதாக எழுதினார். ஒரு ஸ்பூன் என்றால் எத்தனை கிராம் என்று டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும் என்றும் சொன்னார். "தாராளமா ஒட்டுறேன். தெரிஞ்சு போடட்டும்" என்றான் தம்பி. அந்த எண்ணை நிறுத்துச் சொன்னவள் நான்தான்: நான்கு கிராம்.

அடுத்த சோதனையில் அவர் வருவாரா, வேறு யாராவது வருவாரா, என்ன எழுதுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இன்னொரு எச்சரிக்கை விழுந்தால் கேன்டீன் போய்விடும். தம்பியின் மனைவி இதை வாரம் ஒருமுறை அவனுக்கு நினைவுபடுத்துகிறாள். நானும்தான்.

சுத்தியல் அண்ணன் ஐந்து வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை வரிசையில் நின்றார். நான் அவருக்கு மூன்று பேர் பின்னால் இருந்தேன். அவர் முறை வந்தபோது தம்பி எப்போதும்போல கிளாஸைத்தான் பார்த்தான்.

"ரெண்டு கொடு" என்றார் அவர்.

தம்பி இரண்டு கிளாஸ் வைத்தான். அவர் எடுத்துக்கொண்டு இரண்டடி போய், திரும்பி, "உன் மேல கோபம் தீர்ந்துடுச்சுன்னு நினைக்காதே. வண்டிக்காரன் டீ வாயில வைக்க முடியலை, அதான்" என்றார்.

"சரிண்ணே."

கிளாஸ்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு அவர் தூணுக்குப் பின்னால் போனார். எனக்குக் கழுத்து தானாக அந்தப் பக்கம் நீண்டது. டப்பாவைத் திறக்கிற சத்தம் வருகிறதா, எத்தனை ஸ்பூன், அல்லது வெறுமனே கைதான் கழுவுகிறாரா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. நோட்டில் இன்னும் எட்டுப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"அக்கா" என்றான் தம்பி, கெட்டிலை உயரத் தூக்கியபடி. "இங்க என்ன பார்வை? அளக்கிறதெல்லாம் உன் ரூமோட வச்சுக்கோ. டீ ஆறுது, எடுத்துக்கிட்டுப் போய் உட்காரு."

நான் என் கிளாஸை எடுத்துக்கொண்டு, தூணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.